புழுதி தின்ற இன்ஜின்

டர்ட் பைக்கின் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினை வீட்டிலேயே பிரித்துக் கட்ட முடியுமா என்று கேட்கும் இளைஞர்களிடம், தாராளமாக முடியும் என்றே சொல்லி வருகிறேன். ஒற்றை சிலிண்டர், ஒரு கேம்ஷாஃப்ட், இரண்டு வால்வு என்ற அளவில் இருக்கும் இன்ஜினுக்கு, சுத்தமான மேசையும் நல்ல ஸ்பேனர் செட்டும் போல்ட்டை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்சும் சர்வீஸ் கையேடும் போதும். ஆனால் பிரிப்பதும் பூட்டுவதும் இந்த வேலையில் பாதிதான். தேய்ந்த பாகங்களைப் பார்த்து, அவை ஏன் தேய்ந்தன என்று கண்டுபிடிப்பதே மீதிப் பாதி. பட்டறையில் அடுத்த வண்டி வாசலில் காத்திருப்பதால் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் பாதிதான். வார நாட்களில் பட்டறையிலும் விடுமுறை நாட்களில் வீட்டிலும் இன்ஜின் வேலை செய்பவன் என்ற முறையில் இந்த வேறுபாட்டை நன்றாக உணர்ந்திருக்கிறேன்.

கோவையைச் சுற்றியுள்ள செம்மண் தடங்களில் ஓட்டப்பட்ட ஓர் இம்பல்ஸ் என்னிடம் வந்தது. 2011-இல் ஹீரோ மோட்டோகார்ப் வெளியிட்ட 149.2 சி.சி. வண்டி அது, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 57.3 மி.மீ. முந்தைய ஆண்டுதான் வேறொரு பட்டறையில் சிலிண்டர், பிஸ்டன், ரிங் அடங்கிய புதிய போர் கிட் போட்டிருந்தார்கள். மறுபடியும் புகை தள்ளியது. "போர் கிட் மட்டும் மாத்திக் குடுத்துருங்கண்ணா, அடுத்த வாரம் ஓட்டணும்" என்றார் வண்டிக்காரர். ஓர் ஆண்டில் தேய்ந்த இடத்தில் அதே பாகத்தை மறுபடி வைத்தால் அடுத்த ஆண்டும் அதுவே நடக்கும் என்பதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

பிரிக்கும் முன்பே இன்ஜின் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நிறுத்தி வைத்து ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப்புகை வந்து அடங்கினால் வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீலைச் சந்தேகிக்கலாம். ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருகப் புகை தொடர்ந்தால் ரிங்கும் போரும் போயிருக்கின்றன. இந்த வண்டியில் இரண்டாவது வகை. த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தபோது கேஜின் முள் சதுர செ.மீ.க்கு 6 கிலோவைத் தாண்டவில்லை. பிளக் துளை வழியாகச் சிறிது ஆயில் விட்டு, ரிங்கைச் சுற்றிய இடைவெளியை அடைத்துப் பார்த்ததும் 9-ஐத் தொட்டது. வால்வு வழியாகக் காற்று கசிந்திருந்தால் ஆயில் விட்டாலும் முள் அவ்வளவு ஏறியிருக்காது.

கார்புரேட்டரைக் கழற்றியபோது காரணம் கைக்கு அகப்பட்டது. ஏர் பாக்ஸிலிருந்து வரும் ரப்பர் குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்தால் செம்மண் மாவாக ஒட்டியது. ஃபில்டருக்கு இந்தப் பக்கம் புழுதி ஒரு துளியும் இருக்கக் கூடாது. பந்தயத்துக்கென்று மாற்றியிருந்த ஃபோம் ஃபில்டரின் விளிம்பு ஒரு மூலையில் சரியாக அமரவில்லை. ஃபோமிலும் ஃபில்டர் ஆயில் இல்லாமல் வறண்டிருந்தது. அந்தப் புழுதி போன வழி முழுவதும் தடயம் விட்டிருந்தது. பிஸ்டனின் இன்டேக் பக்கத்தில் மேலிருந்து கீழாக நேர்நேரான கீறல்கள். மேல் ரிங்கின் ஓரம் கத்திபோல் கூர்ந்திருந்தது. போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தேன். கீழே 57.32 மி.மீ., மேலே 57.41 மி.மீ. ஆயில் படலம் மெலிந்தும் வாயு அழுத்தம் மிகுந்தும் இருக்கும் இடம் மேல் ரிங் திரும்பும் அந்த விளிம்புதான். புழுதி முதலில் இறங்குவதும் அங்கேதான்.

மோட்டோகிராஸ் பந்தயத்துக்கென்றே பிறந்த இன்ஜின்களின் கணக்கு வேறு. ஹோண்டா சிஆர்எஃப்250ஆர் போன்ற வண்டியின் கையேடு பிஸ்டனையும் ரிங்கையும் சுமார் 15 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. எடை குறைந்த பிஸ்டனும் மிக உயர்ந்த சுழற்சி வேகமும் கேட்கும் விலை அது. இம்பல்ஸ் போன்ற, சாலை வண்டியின் வழி வந்த இன்ஜினுக்கு அந்த அவசரம் கிடையாது. புழுதிதான் அதன் ஆயுளை அப்படிச் சுருக்குகிறது.

சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கும் போரிங் வேலை வீட்டில் ஆகாது. 0.25 மி.மீ. பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கி, சிலிண்டருடன் சேர்த்தே லேத்துப் பட்டறைக்குக் கொடுத்தேன். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல், கையில் இருக்கும் பிஸ்டனின் ஸ்கர்ட்டை (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பக்கச் சுவர்), பிஸ்டன் பின்னுக்குச் செங்குத்தான திசையில் மைக்ரோமீட்டரால் அளந்து அதற்கேற்பப் போர் அடிக்க வேண்டும். பிஸ்டனுக்கும் போருக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான் என்பதால் ஊகத்துக்கு இங்கே இடமே இல்லை.

உட்சுவரில் கல்லால் குறுக்குக் கோடுகள் இடும் ஹோனிங் முடிந்து வந்த சிலிண்டரைக் கழுவுவதில் நான் மிகுந்த பிடிவாதம் காட்டுவேன். பெட்ரோலிலோ டீசலிலோ அலசினால் ஆயில்தான் போகும். ஹோனிங் கல்லின் துகள் அந்தக் குறுக்குக் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். சுடுநீரும் சோப்பும் நைலான் பிரஷ்ஷும் கொண்டு தேய்க்க வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் சிறிது ஆயில் நனைத்துப் போரைத் துடைத்தால் முதலில் சாம்பல் நிறம் ஏறும். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை மறுபடி மறுபடி கழுவ வேண்டும். கழுவிய இரும்பு கண்ணெதிரே துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதால் ஈரம் போனவுடன் ஆயில் பூசிவிட வேண்டும். வெளியிலிருந்து வந்த துகளால் கெட்ட இன்ஜினுக்குள் நம் கையாலேயே துகளை வைத்துப் பூட்டுவது எனக்குப் பொறுக்காது.

பூட்டும் முறை கையேட்டில் தெளிவாக இருக்கிறது. ரிங்கைப் போருக்குள் வைத்து அதன் முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்ப்பது, கிராங்க்கேஸ் வாயைத் துணியால் அடைத்த பிறகே பிஸ்டன் பின்னின் லாக்கை மாட்டுவது, பழைய லாக்கைத் திரும்பப் போடாமல் இருப்பது, கிராங்க்கையும் கேம்ஷாஃப்ட்டையும் ஒத்திசைக்கும் டைமிங் குறிகளைச் சேர்த்தபின் கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி மறுபடி பார்ப்பது ஆகியவற்றில் எதையும் விடலாகாது. சுற்றும்போது எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். கிக்கரை மிதித்து ஒரு வால்வை வளைத்துவிட்டால் செலவு இரட்டிப்பாகிவிடும்.

வண்டியை ஒப்படைக்கும் முன் ஃபில்டர் விளிம்பில் மெல்லிய கிரீஸ் தடவி, ஃபோமை ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டி, ரப்பர் குழாயின் கிளிப்புகள் இரண்டையும் புதிதாகப் போட்டேன். குழாயின் உட்புறத்திலும் கிரீஸ் பூசி வைத்தேன். தூசி நுழைந்தால் முதலில் அதில்தான் ஒட்டும். புதிய பாகங்கள் பழகும்வரையான ரன்னிங்-இன் ஓட்டம் முடிந்து முதல் ஆயில் மாற்ற அவர் வந்தபோது ஆயிலைத் திறக்கும் முன் அந்தக் குழாயைத்தான் கழற்றிப் பார்த்தோம். கிரீஸில் மண் இல்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஃபில்டரைக் கழுவி ஆயில் இடும் முறையை அவரையே செய்யச் சொல்லி, அருகிலிருந்து காட்டிக் கொடுத்தேன்.