ஞானஸ்நானத்துக்கு முன்னும் பின்னும்

ஞானஸ்நானம் எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான். செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவன், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். எங்கள் பகுதிச் சபைகளின் போதகரான சேகரத்து ஐயரிடம் போய் என் விருப்பத்தைச் சொன்னேன். அவர், வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரிடம் அனுப்பினார். உபதேசியார் கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளைகள், சபையின் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணம் மூன்றையும் பொருள் புரிந்து படிக்கச் சொன்னார். பெயரை மாற்ற வேண்டுமா என்று கேட்டேன், தேவையில்லை என்றார்.

ஆனால் வேதாகமத்தில் ரோமர் 6-ஆம் அதிகாரத்தை மட்டும் அவர் லேசில் விடவில்லை. "கிறிஸ்துவுடனேகூட அடக்கம்பண்ணப்பட்டோம்" என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார். "தண்ணிக்குள்ள போறது அழுக்குப் போகக் குளிக்கிறதுக்கு இல்ல தம்பி. எதையெல்லாம் அடக்கம்பண்ணணும்னு இப்பவே பாத்து வச்சுக்கோ" என்றார். அப்புறம், "யாரோடயாவது பேச்சுவார்த்தை இல்லாம இருக்கியா?" என்று கேட்டார்.

அண்ணனோடு பேச்சு இல்லாமல் இருந்தேன். பொதுக் கிணற்று மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்தபோது செலவு யாருடையது என்று தொடங்கிய மனத்தாங்கல். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்று இயேசு மத்தேயு 5-இல் சொல்கிறார். போனேன்.

"வேதத்துக்குப் போறியாம். அங்க சொல்லி அனுப்புனாங்களா?" என்றான் அண்ணன்.

"சொன்னாங்கண்ணே. எனக்கும் வரணும்னு இருந்துச்சு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மதினியைக் காப்பி போடச் சொன்னான். மனம் முழுதும் ஆறவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து பேசிக்கொள்கிறோம்.

அம்மாவிடம் சொல்வதுதான் இதைவிடக் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைக்க வேண்டும். "நீ அங்க போயிட்டா எனக்குக் கொள்ளி வைக்கிறது யாருடா?" என்று கேட்டாள். அதற்கு வசனம் சொல்லிப் பதில் பேச எனக்கு மனம் வரவில்லை. "கொள்ளிய அண்ணன் வைக்கட்டும்மா. நீ இருக்கிற வரைக்கும் நான் உன்னப் பாத்துக்கிடுவேன்" என்றேன். அவள் சம்மதிக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

ஈஸ்டர் அதிகாலையில் எங்கள் சபைக் கோவிலுக்குப் பின்னால் இருந்த தொட்டியில் முழுக்கு. ஆதி சபையிலும் ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கம். 4-ஆம் நூற்றாண்டு எருசலேமில், ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் மேற்கு நோக்கி நின்று சாத்தானை மறுதலித்துவிட்டு, கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட்டார்களாம். உபதேசியார் சொன்ன இது என் மனதில் ஆழமாகப் பதிந்திருந்தது. ஐயர் ஒரு கையால் என் பிடரியைத் தாங்கி, மறு கையால் நான் கூப்பியிருந்த கைகளைப் பிடித்தார். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே" என்று சொல்லிப் பின்பக்கமாகச் சாய்த்தார். காதுக்குள் தண்ணீர் நிறைந்ததும் வெளிச்சத்தம் எல்லாம் நின்றுபோனது. பயம் இல்லை. எழுந்தபோது அழுதுவிட்டேன்.

தண்ணீரில்தான் இரட்சிப்பு வந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் பெறவில்லை. ஆனாலும் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசு அவனிடம் சொன்னார். இரட்சிப்பு கிருபையால் வருவது. அதைப் பெற்றவன் தன்னைக் கிறிஸ்துவோடு சேர்த்து எண்ணிக்கொண்டான் என்று சபைக்கு முன் போடுகிற உடன்படிக்கையாகத்தான் ஞானஸ்நானத்தை நான் பார்க்கிறேன். தண்ணீரில் முழுக்குவதா, தலையில் தெளிப்பதா என்று சண்டை போடுவதில் எனக்கு நாட்டமில்லை.

ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. "அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபையாருக்கு எழுதினார். அடுத்த வசனத்திலேயே, அந்த விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். இந்த இரண்டாவது வசனம் இல்லாவிட்டால் முதலாவதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. செவ்வாய்க்கிழமைகளில் அவளை வண்டியில் கூட்டிக்கொண்டுபோய் அம்மன் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, வெளியே காத்திருப்பேன். சபையில் ஒரு பெரியவர், "ஞானஸ்நானம் எடுத்தவன் செய்யிற காரியமா தம்பி இது?" என்று கேட்டார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. நான் அங்கே கும்பிடுவதில்லை, திருநீறு பூசுவதில்லை, அம்மாவுக்கும் அது தெரியும். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக என்பதும் கட்டளைதானே ஐயா, அவளை வெயிலில் நடக்கவிட எனக்கு மனம் வரவில்லை" என்று அவரிடம் சொன்னேன். எங்கள் இருவருக்காகவும் ஜெபிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.