நாற்பது ஃபிரேம்

நாங்கள் செய்த கணினி அனிமேஷன் ஷாட் ஒன்றில் முதியவர் ஒருவர் தம் தம்பி இறந்துபோன செய்தியைத் தொலைபேசியில் கேட்கிறார். பிறகு தலையைத் திருப்பிக் காலி நாற்காலியைப் பார்க்கிறார். மறுமுனைக் குரல் நிற்பதற்கும் தலை திரும்பத் தொடங்குவதற்கும் இடையில், என் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் 40 ஃபிரேம் ஹோல்ட், அதாவது உருவம் அசையாமல் நிற்கும் இடைவெளி, வைத்திருந்தார். நொடிக்கு 24 ஃபிரேம் என்னும் கணக்கில் அது ஒன்றரை நொடிக்குச் சற்று அதிகம். அதை 14 ஆகக் குறைக்கச் சொன்னேன்.

"சார், அவர் இன்னும் கேட்டு முடிக்கல."

"பார்க்கிறவங்க கேட்டு முடிச்சுட்டாங்களேம்மா."

எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அவர் மாற்றிக் கொடுத்தார், ஷாட் ஒப்புதலாயிற்று. நான்கு ஆண்டுகள் கடந்தும் அந்த முதல் வாக்கியம் என்னை விடவில்லை.

என் பக்கம் நியாயம் இருந்தது. கையால் வரைந்த உருவம் சிறிது நேரம் அசையாமல் நின்றாலும் கண் பொறுத்துக்கொள்ளும். கணினியில் உருவான முகம் சில ஃபிரேம்கள் உறைந்தாலே பொம்மையாகிவிடும். அதனால்தான் மூச்சு, தோளின் இறக்கம், விழியின் சிறு நகர்வு ஆகியவற்றைக் கொண்டு மூவிங் ஹோல்ட் அமைக்கிறோம். அவருடைய 40 ஃபிரேமில் இவை போதவில்லை. முகம் நடுவில் செத்துப்போயிருந்தது. எடிட்டில் ஷாட்டின் நீளமும் முடிவாகியிருந்தது. அந்நிலையில் வேறு யாராக இருந்தாலும் குறைக்கத்தான் சொல்லியிருப்பார்கள் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் புதியவர்களுக்கு நானே கற்றுத்தருவது வேறு. தலை திரும்புவதன் தொடக்க நிலையும் முடிவு நிலையுமான இரண்டு கீ போஸ்களையும் மாற்றாமல், இடையில் 4 ஃபிரேமே கொடுத்தால் தலை திடுக்கிட்டுத் திரும்புகிறது. 20 கொடுத்தால் எதையோ தேடித் திரும்புகிறது. திரும்புதலுக்குப் பொருந்துவது அதற்கு முந்தைய அசைவின்மைக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? 14 ஃபிரேம் மட்டும் நின்று திரும்பும் மனிதர் அந்தச் செய்தியை எதிர்பார்த்திருந்தவர். 40 ஃபிரேம் நிற்பவர் அதை இன்னும் நம்பாதவர். நேரத்தைக் குறைத்ததாகவே நான் எண்ணியிருந்தேன். அந்த முதியவர் யார் என்பதையே மாற்றிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அண்மையில் பழைய கோப்பைத் திறந்து, அவருடைய முதல் வடிவத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். ஹோல்டின் 18ஆம் ஃபிரேமில் ஒரு கண்சிமிட்டல் இருந்தது. சிமிட்டல் பெரும்பாலும் ஓர் எண்ணம் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்டும். ஆகவே அந்த இடத்திலேயே முதியவர் யோசித்து முடித்துவிட்டார், எஞ்சிய 22 ஃபிரேமும் வெறுமையாகிவிட்டது. சிமிட்டலைத் தலை திரும்பும் தருணத்துக்குத் தள்ளி, விழியை இரண்டு மூன்று ஃபிரேம் முந்தவிட்டு, மூச்சை ஒருமுறை தடுக்கவிட்டிருந்தால் அந்த 40 நின்றிருக்கலாம். எடிட்டரிடம் ஒரு நொடி கேட்டிருக்கவும் முடியும். அன்று நான் வழக்கம்போல ஒலியை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன். உடல்மொழியைச் சோதிக்க அது நல்ல வழிதான். ஆனால் ஒரு குரல் நின்றபின் வரும் அமைதியை அப்படி எடைபோட முடியாது.

இருந்தும், ஒலியோடு இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியபோது, சில முறை என் 14தான் சரியென்று பட்டது. அதுவும் உண்மை.

அதன்பிறகு அந்தப் பெண் தந்த ஷாட்கள் எல்லாம் கச்சிதமாக இருந்தன. எந்த ஹோல்டும் 16ஐத் தாண்டவில்லை. அவற்றை நான் பாராட்டினேன்.