வரி மேல்முறையீட்டுக் குழு: மலை நகராட்சியில் ஒரு மனு கரையேறிய விதம்

நீலகிரியில் ஒரு நகராட்சி. எங்கள் தெரு வீடு ஒன்றின் சொத்து வரிக்காகப் போட்ட மேல்முறையீடு முடிந்து, தீர்மான நகல் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. 1,217 சதுர அடி என்று இருந்ததை 1,180 என்று திருத்தியிருக்கிறார்கள். வித்தியாசம் வெறும் 37 சதுர அடி. இதற்கா இவ்வளவு அலைச்சல் என்று கேட்பவர்கள் 2022 ஏப்ரலில் வந்த வரி உயர்வை நினைத்துப் பார்க்க வேண்டும். 600 சதுர அடிக்குள் 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதற்கு மேல் 100% என்று குடியிருப்புகளுக்குப் படிப்படியாக உயர்த்தினார்கள். 1,200 என்ற கோட்டைத் தாண்டினால் உயர்வு 50%லிருந்து 75%க்குப் போய்விடும். அரையாண்டு வரி 1,200 ரூபாயாக இருந்த வீட்டுக்கு 1,800 வர வேண்டிய இடத்தில் 2,100 வரும். பரப்பு கூடியதற்கான தொகை தனி. பிறகு வரும் உயர்வும் இதன் மேல்தான் ஏறும். தப்பான அளவு ஒருமுறை பதிவானால் ஆண்டுதோறும் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த மனுவை முடிவு செய்வது அதிகாரி அல்ல. வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு. நகர்மன்றத் தலைவரும் மன்றம் தேர்ந்தெடுத்த நான்கு கவுன்சிலர்களும் அதில் உண்டு. எங்கள் குழுவில் ஆளும் தரப்பு, எதிர்த் தரப்பு, சுயேச்சை மூன்றும் கலந்திருந்தது. இதே அலைச்சலில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எத்தனை கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் முன்னால் இருப்பது ஒரு பக்கத் தாள்தான். அந்தத் தாளில் அலுவலகம் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் ஐந்து பேரும் படிப்பார்கள். உங்கள் மனுவின் வெற்றியும் தோல்வியும் அங்கே இருக்கிறது.

முதலில் அளவு. மலையில் அளவு தப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. கட்டடப் பரப்பு என்பது கிடைமட்ட அளவு. நம் வீடுகளின் பக்கவாட்டு நடைபாதையோ சரிந்து இறங்கும். நாலு அடிக்கு ஒரு அடி இறக்கம் இங்கே சர்வ சாதாரணம். சுவரை ஒட்டிச் சரிவின் மேலேயே டேப்பைப் போட்டால், 40 அடி நீளச் சுவர் 41 அடி 3 அங்குலம் காட்டும். வீட்டின் அகலம் 29 அடி 6 அங்குலம். 40ஐ 29½ஆல் பெருக்கினால் 1,180. 41¼ஐப் பெருக்கினால் 1,217. அந்த 37 சதுர அடி வந்த வழி இதுதான். யாரும் வேண்டுமென்று ஏற்றி எழுதவில்லை. டேப்பை மட்டமாகப் பிடிக்கவில்லை, அவ்வளவே.

சரியாக அளக்க இரண்டு பேர், ஒரு டேப், ஒரு ரசமட்டம், ஒரு தூக்குக்குண்டு போதும். மேல் மூலையில் தொடங்கி டேப்பைக் கிடைமட்டமாக இழுத்து, பத்தாவது அடியில் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் புள்ளி வைக்க வேண்டும். நாலுக்கு ஒன்று சரிவில் அந்த இடத்தில் டேப் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் நிற்கும். புள்ளியிலிருந்து அடுத்த பத்து அடி. இப்படியே கடைசி மூலை வரை. ஒரே இழுப்பில் பத்து அடிக்கு மேல் பிடித்தால் டேப் தொய்ந்து அளவு மாறும். சரிபார்க்க உள்ளேயும் ஒருமுறை அளந்துவிடுங்கள். அறைகளின் நீளம், குறுக்குச் சுவர்களின் தடிமன், இரண்டு பக்க வெளிச்சுவர்கள் எல்லாவற்றையும் கூட்டினால் வெளி அளவு வர வேண்டும். 9 அங்குல வெளிச்சுவர் என்றால் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை அடி. இரண்டு விடையும் ஒத்துப்போனால் உங்கள் அளவை யாராலும் அசைக்க முடியாது.

இன்னும் இரண்டு இடத்தில் கண் வைக்க வேண்டும். சாலையிலிருந்து பார்த்தால் ஒரு தளம், பள்ளத்திலிருந்து பார்த்தால் இரண்டு தளம் என்று இருக்கும் வீடுகளில், கீழே விறகு அடுக்கும் வெற்றிடத்தை முழுத் தளமாகச் சேர்த்துவிடுகிறார்கள். உயரம், கதவு, தரை எல்லாம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். சீசனுக்கு ஒரு அறையை வாடகைக்கு விட்ட வீடு முழுவதும் வணிகக் கட்டடமாகப் பதிவானதும் உண்டு. வணிகத்துக்கு 2022 உயர்வு 100%. குடியிருக்கும் பகுதியைத் தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

அலுவலக அளவுத் தாளை நகல் கேட்டபோதுதான் எரிச்சல் தொடங்கியது. "ஆபீஸ் அளவுதான் சார் பைனல். அதெல்லாம் பார்ட்டிக்குக் கொடுக்கிறது இல்ல" என்று பதில். கொடுக்கிறது இல்லை என்று எந்த விதியிலும் இல்லை. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். மனுவில் "கள அளவு எடுத்த படிவம், அளவு எடுத்தவர் பெயர், பதவி, தேதி" என்று பிரித்துக் கேட்க வேண்டும். "என் வரி சம்பந்தமான எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால், இவ்வளவு வரி கட்டு என்று அவர்கள் அனுப்பிய கேட்பு நோட்டீசின் நகலையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களுக்குக் கிடைத்த தாளில் 41'3" × 29'6" என்று பென்சிலில் ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து. தேதி இல்லை. சரிவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஒரு தாள்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

வரியை மறுபடி பார்க்கச் சொல்லி ஆணையரிடம் போட்ட சீராய்வு மனு எதிர்பார்த்தபடி நிராகரிக்கப்பட்டது. அந்தப் படியைத் தாண்டாமல் குழுவுக்குப் போக முடியாது என்பதால் அந்த நிராகரிப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். குழுவுக்கு மேல்முறையீடு செய்யக் கெடு எத்தனை நாள் என்பதை உங்கள் கைக்கு வந்த கடிதத்தில் பார்த்து, அது கிடைத்த தேதியை உறையின் மேலேயே எழுதிவிடுங்கள். மனுவைத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள். சீட்டில் இருப்பவர் டீ குடிக்கப் போயிருந்தாலும் காத்திருங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று: கேட்பு வரியைக் கட்டாமல் மேல்முறையீட்டை எடுக்க மாட்டார்கள். கோபத்தில் கட்டாமல் இருந்தால் மனு அப்படியே கிடக்கும். ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்துவதாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டிவிடுங்கள். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகையும் கிடைக்கும்.

இன்னொரு வீண் அலைச்சல் பகுதி சபை, அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம். 2022இல் வார்டுக் குழு, பகுதி சபை விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் கூட்டங்கள் தொடங்கியதிலிருந்து, வரி மனுவையும் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் அதிகம். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர், குப்பைக்கு அது சரியான இடம். தனி ஒருவரின் வரி அளவைத் திருத்த அதற்கு அதிகாரம் இல்லை. அங்கே கொடுத்த மனு எங்கேயோ ஒரு கோப்புக் கட்டில் சேரும், இங்கே கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

குழு எப்போது கூடும்? இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய வேதனை. மன்றக் கூட்டம் போல மாதாமாதம் கூடுவதில்லை. மனுக்கள் சேரட்டும் என்று வைத்திருப்பார்கள். ஏப்ரல், மே என்றால் கோடை விழா, மலர்க் கண்காட்சி, வாகன நெரிசல் என்று அலுவலகமே தெருவில் இருக்கும். ஜூன், ஜூலையில் மழை, மரம் விழுந்த வேலை. தேர்தல் நடத்தை விதி வந்தால் எல்லாமே நிற்கும். ஆகவே "குழுவை எப்போது கூட்டுவீர்கள்" என்று வாயால் கேட்பதில் பயனில்லை. நிலுவையில் உள்ள மேல்முறையீடுகள் எத்தனை, குழு கடைசியாகக் கூடிய தேதி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் வந்ததும் கூட்டத் தேதி தானாக முளைத்தது.

இனி அலுவலகக் குறிப்பு. கூட்ட நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பொருளின் கீழும் அலுவலகம் ஒரு பத்தி எழுதும். எங்கள் மனுவுக்கு முதலில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, கள அளவு சரியாக உள்ளது, குழுவின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது. நாங்கள் கொடுத்த வரைபடம் இல்லை, படங்கள் இல்லை, இரண்டு அளவுக்கும் இடையிலான வித்தியாசம் என்ன என்ற எண் கூட இல்லை. இதைப் படிக்கும் கவுன்சிலர் எந்தக் கட்சியாக இருந்தாலும் "அளவு சரி" என்றுதான் முடிவு செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே குறிப்பு எழுதப்படுவதற்கு முன்பே மறு அளவீடு கேட்டு மனு கொடுத்துவிடுங்கள். நகரமைப்பு ஆய்வாளரோ பொறியியல் பிரிவில் ஒருவரோ நேரில் வந்து, மனுதாரர் முன்னிலையில் அளந்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால், கேட்டும் செய்யவில்லை என்பதே குழுவின் முன் உங்கள் வாதமாகிவிடும்.

குழு உறுப்பினர்களை அணுகுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரே ஒரு ஏ4 தாள்: வரிவிதிப்பு எண், வார்டு, பதிவான பரப்பு, சரியான பரப்பு, சரிவோடு ஒரு கோட்டுப் படம், தூக்குக்குண்டு தொங்கும் ஒரு புகைப்படம், கடைசியில் நீங்கள் கேட்கும் முடிவு ஒரே வாக்கியத்தில். சேர்மன் உட்பட ஐந்து பேருக்கும் அதே தாள், அதே நாளில். சொந்த வார்டு கவுன்சிலரிடம் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் வேலைக்கு ஆகாது. அவர் குழுவிலேயே இல்லாமல் இருக்கலாம். "நம்ம ஆளு பார்த்துக்குவார்" என்று ஒரு கட்சிக்காரரை மட்டும் பிடிப்பது அதைவிட மோசம். மனு அவருடைய மனுவாகிவிடும், அடுத்த தரப்பு காரணமே இல்லாமல் எதிர்க்கும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: கட்சித் தாவல் தடையைச் சொல்லும் அரசியலமைப்பின் 10வது அட்டவணை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கானது. நகராட்சிக் கவுன்சிலர் உங்கள் மனுவுக்குச் சாதகமாகக் கை தூக்கினால் அந்த அட்டவணை அவர் பதவியைப் பறிக்காது. தயங்குகிறவரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

கூட்டத்தில் எங்கள் பக்கம் திரும்பியது ஒரே கேள்வியில். எதிர்த் தரப்புக் கவுன்சிலர் அம்மா ஒருவர் எங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "டேப்பைச் சரிவுல வச்சு அளந்தீங்களா, மட்டமா பிடிச்சு அளந்தீங்களா? ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லுங்க." வருவாய்ப் பிரிவிடம் பதில் இல்லை. தேதியில்லாத பென்சில் தாளைச் சேர்மனே வாங்கிப் பார்த்தார். மறு அளவீடு செய்யச் சொன்னது ஆளும் தரப்பு உறுப்பினர். ஒருவர் கேள்வி கேட்க, இன்னொரு தரப்பு வழி சொல்ல, பொருள் ஒத்திவைக்கப்பட்டது. பல கட்சி உட்காரும் குழுவின் பலன் அன்றைக்குக் கண்ணெதிரே தெரிந்தது. ஒரே தரப்பு மட்டும் இருந்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த மாதிரிக் குழு நம் நகராட்சிகளில் இவ்வளவு குறைவாக இருப்பதுதான் வருத்தம். நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, இந்த வரிக் குழு என்பதோடு நிற்கிறது. முதல் இரண்டுக்கும் மன்றம் தேர்ந்தெடுப்பது தலா ஒருவரைத்தான். கூடலூரிலிருந்து பாட்டவயல் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் சுல்தான் பத்தேரி நகராட்சி. அங்கே 1994ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டப்படி நிதி, வளர்ச்சி, நலன், சுகாதாரம், பணிகள் என்று நிலைக்குழுக்கள் உண்டு. ஒவ்வொரு கவுன்சிலரும் ஏதாவது ஒன்றில் உறுப்பினர். நிதிக் குழுவுக்குத் துணைத் தலைவர் தலைமை. மற்றவற்றின் தலைவர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பதால் எதிர்க்கட்சிக்கும் சில நாற்காலி கிடைக்கும். மன்றத்துக்கு வருமுன் ஒரு பொருளைப் பல தரப்பும் உட்கார்ந்து அலசுகிற வாய்ப்பு அங்கே அன்றாடம். நமக்கு அது வரி மனு அளவில்தான்.

மறு அளவீட்டில் 1,180 வந்தது. இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் தீர்மான வாசகம் காலை வாரும். "மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து நடவடிக்கை எடுக்க ஆணையருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதினால் கையில் ஒன்றும் இல்லை. பழைய பரப்பு, திருத்திய பரப்பு, வரிவிதிப்பு எண், எந்த அரையாண்டு முதல் என்ற நான்கும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். நாங்கள் கேட்ட முடிவை அந்த ஏ4 தாளின் கடைசியில் அப்படியே எழுதிக் கொடுத்திருந்ததால் உறுப்பினர்கள் அதையே வாசித்துப் பதிவு செய்யச் சொன்னார்கள். உங்களுக்கு எதிராக முடிவு போனால், ஆதரித்த உறுப்பினரிடம் தன் மறுப்பை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லிக் கேளுங்கள். நீதிமன்றம் போகும்போது அந்த ஒரு வரி உதவும்.

தீர்மானம் வந்த பிறகும் இணையத்தில் பழைய கேட்பே காட்டிக்கொண்டிருந்தது. குழுவின் முடிவு தானாகக் கணினிக்குப் போகாது. தீர்மான எண், தேதியுடன் வருவாய்ப் பிரிவில் தனியாக ஒரு கடிதம் கொடுத்தால்தான் பரப்பை மாற்றுவார்கள். மாற்றியதும் திரையில் பரப்பும் தொகையும் தெரியும்படி ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கட்டிய பணத்தைப் பெரும்பாலும் ரொக்கமாகத் தர மாட்டார்கள், அடுத்த அரையாண்டுக் கேட்பில் சரிக்கட்டுவார்கள். அடுத்த ரசீது வரும்போது அந்தத் தொகை கழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். கழியாமல் இருந்தால் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று விடாதீர்கள். கவுண்டரிலேயே தீர்மான நகலைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.