செவலையும் சாமியார் கோவணமும்

விஜயதசமியும் அதுவுமாக இன்று காலை எங்கள் வீட்டில் உப்புமா. மாவு இல்லாமல் இல்லை. முந்தாநாள் அரைத்து, பொங்கி, பாத்திரத்தை விட்டு வழிந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு வரை போய்ச் சேர்ந்த மாவு அப்படியே இருக்கிறது. இட்லித் தட்டுதான் இல்லை. அதுவும் தொலையவில்லை, கராஜில் இருக்கிறது. நாலடுக்கு, அடுக்குக்கு நாலு, மொத்தம் 16 குழி. குழிக்கு ஒன்றாக 16 டேப்பெட் (எஞ்சின் வால்வைத் தள்ளித் திறக்கும் குட்டி உருளை), மண்ணெண்ணெய் வாசனையோடு உட்கார்ந்திருக்கின்றன. எட்டு சிலிண்டர் இரண்டு வரிசையாக நிற்கும் வி8 எஞ்சினுக்கும் இட்லித் தட்டுக்கும் உள்ள இந்தக் கணக்குப் பொருத்தம் டெட்ராய்ட்டில் இத்தனை வருஷமாக எந்த இன்ஜினியருக்கும் தோன்றவில்லை. பொள்ளாச்சி பஸ் டிப்போவில் முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த என் மாமனாருக்குத் தோன்றியிருக்கிறது.

"எந்த டேப்பெட் எந்த இடத்துல இருந்துச்சோ அங்கியேதான் திரும்பப் போகோணுங் கண்ணு. மாறுச்சுன்னா கேம் ஷாஃப்ட்டைத் தின்னுரும்" என்று மகளிடம், அதாவது என் மனைவி தங்கமணியிடம், விளக்கினார். தொழில்நுட்ப ரீதியில் நூற்றுக்கு நூறு சரி. தங்கமணி அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். அப்பா செய்கிற தப்புக்கெல்லாம் மாப்பிள்ளைதான் பொறுப்பு என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

எல்லாம் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை ஆரம்பித்தது. டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ் என்கிற பழைய கார் ஊர்வலம், 1995-இலிருந்து நடக்கும் தேர்த்திருவிழா. நம் ஊரில் ஒரு தேரை ஆயிரம் பேர் இழுப்பார்கள். இங்கே ஆளுக்கொரு தேர், யாரும் நகர முடியாது. நம்ம 1968 ஷெவர்லே ஷெவெல் மாலிபு காரையும் குளிப்பாட்டி ஓட்டிக்கொண்டு போனோம். (ஷெவெல் என்று நூறு தடவை சொல்லிக் கொடுத்தும் மாமா வாயில் அது செவலையாகிவிட்டது. வண்டியும் செங்காவி நிறம். காளைக்கு வைத்த மாதிரி பெயர் ஒட்டிக்கொண்டது.) 13 மைல் ரோடு சிக்னலில் பச்சை விழுந்ததும் மிதித்தேன். பின்னால் குப்பென்று நீலப் புகை. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கூட்டம் டயரைத் தேய்த்துக் காட்டுகிறேன் என்று நினைத்து எழுந்து நின்று கை தட்டியது. நானும் கெத்தாகக் கையை ஆட்டிவிட்டேன். பக்கத்து சீட்டில் மாமா மூக்கை உறிஞ்சினார்.

"ஏனுங்க மாப்ள, ஆயில் எரியுதுங்களே."

வீட்டுக்கு வந்ததும் ஒரு நீளத் திருப்புளியை எடுத்தார். முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு டாக்டர் மாதிரி ஓரமாக நகர்ந்துகொண்டே வந்தார். டிரைவர் பக்கம் கடைசியில் நின்று, "நாலாவதுல சீக்குங்க" என்றார். மறுவாரம் மெக்கானிக் கம்ப்ரெஷன் பார்த்ததில் நாலாவது சிலிண்டர் கல்லுக்குண்டு போல் இருந்தது. படுத்திருந்தது ஏழாவது. மாமனார் தோற்றார் என்று எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம் ஓடியது உண்மைதான். அது இரவு பதினொன்றரை வரை நீடித்தது. அப்போதுதான் உறைத்தது. ஷெவர்லே வி8-இல் டிரைவர் பக்கத்து வரிசைக்கு 1, 3, 5, 7 என்றுதான் எண். டிப்போ பஸ்களின் லேலண்ட் எஞ்சினில் சிலிண்டர் ஒரே வரிசையில் நிற்கும். அந்தப் பழக்கத்தில் அவர் முன்னாலிருந்து நாலாவதை நாலாவது என்றே சொல்லியிருக்கிறார். ஏழாவதும் அதுவும் ஒன்றேதான். இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

சரி, எஞ்சின் மாற்ற வேண்டியதுதான் என்று முடிவானது. மாமாவின் தீர்ப்பு வேறு: "சிலிண்டரைக் கடைஞ்சு போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் ஏத்துனா இன்னும் முப்பது வருசம் ஓடுங்க." நான் கேட்கிற நிலையில் இல்லை. உள்ளே இருந்தது 307 கன அங்குல எஞ்சின். அதே கம்பெனியின் 283 எஞ்சினுடைய சிலிண்டர் அகலமும் 327 எஞ்சினுடைய பிஸ்டன் வீச்சும் சேர்ந்து பிறந்த சாதுப் பிள்ளை. கம்பெனி கணக்கில் 200 குதிரைத் திறன். அதுவும் ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் மேஜை மேல் வைத்து எண்ணிய அந்தக்கால குதிரை. 1972-இல் எல்லாவற்றையும் மாட்டி எண்ண ஆரம்பித்தபோது அமெரிக்கா முழுக்க ஒரே ராத்திரியில் ஏகப்பட்ட குதிரைகள் லாயத்தை விட்டு ஓடிப்போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். போதாக்குறைக்கு, க்ரூஸில் பார்க்கிற ஒவ்வொருவரும் குனிந்து வண்டியின் அடையாள எண்ணான வின்னைப் படிப்பான். 138-இல் தொடங்கினால் அசல் எஸ்எஸ்396, வேக ரகம். நம்முடையது 136. "ஓ, மாலிபு" என்பான். பெண் பார்க்க வந்த இடத்தில் "ஓ, பி.ஏ.வா" என்பது போல.

அப்புறம் ஆரம்பித்தது ஆராய்ச்சி. என் கல்யாணத்துக்குக்கூட மூன்று ஜாதகம்தான் பார்த்தார்கள். எஞ்சினுக்கு ஒன்பது பார்த்தேன். எதிர்வீட்டுத் தாத்தா, கார் ஃபேக்டரியிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், வேலி மேல் சாய்ந்து ஒரே வார்த்தையில் முடித்தார்: "350." பழைய எஞ்சினை எடுத்த இடத்தில் அப்படியே உட்காரும், அதே மவுண்ட், அதே கார்புரேட்டர், ஒரு சனி ஞாயிறில் வேலை முடியும். ஆஃபீஸ் நண்பன் அதே 350 பிளாக்கில் 400 எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டைப் போட்டு 383 ஆக்கு என்றான். இன்னொருவன், மாட்டினால் 454 கன அங்குலப் பெரிய எஞ்சின், பிக் பிளாக்தான், மற்றதெல்லாம் தையல் மிஷின் என்றான். (அதை மாட்டினால் முன்பக்கம் கிடா முட்டுகிற மாதிரி குனிந்துகொள்ளும்.) சிக்கனக்காரன் ஒருவன், நொறுங்கிப்போன டாஹோ எஸ்யூவியிலிருந்து 5.3 லிட்டர் எஞ்சினைக் கழற்றிக்கொள், மிச்சக் காசில் ஊருக்குப் போய்விட்டு வரலாம் என்றான். பகலெல்லாம் நான் பேட்டரி சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால், எங்கள் டீமில் ஒரு பொடியன் மின்சார மோட்டார் வைக்கச் சொன்னான். ஃபோர்டு 2021-இல் 281 குதிரை மோட்டாரை 3,900 டாலருக்கு அட்டைப்பெட்டியில் போட்டு விற்றதாம். ஷெவெலில் போட்டிக் கம்பெனி ஃபோர்டின் மோட்டார்! அந்தப் பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, சம்பந்தி சண்டை தெரியாது.

நான் ஆசைப்பட்டது எல்எஸ்3. 6.2 லிட்டர், 430 குதிரை, ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட்டில் இருந்த எஞ்சின். அலுமினியம் பிளாக், பழைய இரும்பு 350-ஐ விட எடையும் குறைவு. காலையில் சாவியைத் திருப்பினால் போதும், கார்புரேட்டரைத் தாஜா செய்ய வேண்டாம். தங்கமணி எக்செல் ஷீட் போட்டாள். எஞ்சின் விலை ஒரு வரி. அதற்குக் கீழே வரிகள் வளர ஆரம்பித்தன.

அந்தச் சாமியார் கதை ஞாபகம் இருக்கிறதா? கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை, பூனைக்குப் பால் வேண்டும் என்று பசு, பசுவைப் பார்க்க ஆள், கடைசியில் கல்யாணம். கார்புரேட்டருக்கு ஆறு ஏழு பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோல் சொட்டினால் போதும். எல்எஸ்3-க்கு 58 வேண்டும். ஆகவே புது பம்ப். பம்ப் உள்ளே உட்காரப் புது டேங்க். எஞ்சினுக்கு மூளை வேண்டும், மூளைக்கு நரம்பு வேண்டும். கம்ப்யூட்டர், வயரிங் தனி. ஆயில் பான் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், வேறு பான். மவுண்ட் பொருந்தாது, நடுவில் ஒரு தகடு. 430 குதிரையை இரண்டே இரண்டு கியர் உள்ள பவர்கிளைடில் விட்டால் அது பொடியாகும், புது கியர்பாக்ஸ். கியர்பாக்ஸ் நீளம் மாறினால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்ட வேண்டும். பின் ஆக்ஸில் இதையெல்லாம் தாங்காது. தாங்கினாலும் நிற்க வேண்டுமே, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஷீட்டில் முப்பத்தெட்டாம் வரியில் தங்கமணி மேலே பார்த்தாள்.

"சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கா பணம்னு எங்க ஆத்தா சொல்லும்."

எதிர்வீட்டுத் தாத்தாவின் 350 சாமியார் கதையில் எலியோடு நின்றிருக்கும். புத்தியுள்ளவன் அதைத்தான் வாங்குவான். நான் எல்எஸ்3-க்கு ஆர்டர் போட்டேன்.

நவராத்திரி தொடங்கிய வாரம் லாரி வந்தது. டிரைவர் இறங்கி, "ஃபோர்க்லிஃப்ட் எங்கே?" என்றார். வீட்டில் இடியாப்ப உரல் வரைக்கும் இருக்கிறது, ஃபோர்க்லிஃப்ட் இல்லை. ஏறக்குறைய 200 கிலோப் பெட்டியை வாசலோரம் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மழை தூறல். தாத்தா தன் கராஜிலிருந்து கையால் பம்ப் அடிக்கிற கிரேனை உருட்டிக்கொண்டு வந்தார். அவரும் மாமாவும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் "ஹோல்ட் ஹோல்ட்", "விடுங்க விடுங்க" என்று கத்தியே உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த ஞாயிறே இரண்டு பேருமாகப் பழைய 307-ஐயும் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். எனக்கு டார்ச் பிடிக்கிற வேலை.

ஊரில் எங்கள் இரண்டு குடும்பத்திலும் கொலு வைக்கிற வழக்கமே கிடையாது. மிச்சிகனுக்கு வந்த பிறகு தங்கமணிக்குத் தொற்றிக்கொண்டது, வருஷத்துக்கு ஒரு படி கூடுகிறது. கொலுவுக்கு வருகிற பெண்கள் உள்ளே வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் வாங்கிக்கொண்டிருக்க, வண்டி ஓட்டி வந்த புருஷர்கள் வழக்கமாகக் கூடத்து ஓரத்தில் செல்போனைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்த வருஷம் அத்தனை பேரும் கராஜில். கையில் சுண்டல் கப். "எல்எஸ்3-யா? எல்எஸ்7 போட்டிருக்கலாமே" என்று ஒருவர். "ஃபயரிங் ஆர்டர் மாறும் தெரியும்ல?" என்று ஒருவர் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையை 1-8-7-2-6-5-4-3 என்று மந்திரம் போல் ஒப்பித்தார். இரண்டு கொண்டைக்கடலை, காற்றை உறிஞ்சும் இன்டேக் வாய்க்குள் போய்விட்டதோ என்று எனக்கு ஒரு நிமிஷம் பகீரென்றது. நல்லவேளை, மூடி போட்டே அனுப்பியிருந்தார்கள். மாமா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து 307-ஐக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கவனித்தால், சுண்டல் கப் கூட்டத்தில் பாதி அவரைச் சுற்றி நின்றது.

நேற்று ஆயுத பூஜை. கராஜிலேயே வைத்தோம். எல்எஸ்3-க்குச் சந்தனம், குங்குமம். "அதுக்கும் வெய்யி கண்ணு" என்று மாமா சொல்ல, எலும்புக்கூடாகக் கிடந்த 307-க்கும். ஸ்பேனர், திருப்புளி, என் லேப்டாப், டேப்பெட்டோடு இட்லித் தட்டு, எல்லாம் வரிசையாக. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, ஏற்றி நசுக்க வண்டியில் எஞ்சின் இல்லை. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நாலு பேர் செவலையைத் தள்ளினோம். வாசலில் ஹாலோவீன் பூசணிக்காய்தான் கிடைத்தது, குங்குமம் தடவி உடைத்தோம். எதிர்வீட்டுத் தாத்தா தன் படியில் நின்று கை தட்டினார்.

வயரிங் செட் நவம்பர் கடைசியில்தான் அனுப்புவார்களாம். அதற்குள் பனியை உருக்க ரோட்டில் உப்புக் கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள், ஏப்ரல் வரைக்கும் செவலை வெளியே தலைகாட்ட முடியாது. பெட்டி எஞ்சின் குளிர்காலம் முழுக்க கராஜில் பொட்டோடு உட்கார்ந்திருக்கும்.

காலையில் உப்புமாவை ஒரு வாய் வைத்துவிட்டு மாமா கராஜுக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். மே மாசம் வந்ததிலிருந்து தினமும் காலண்டரைப் பார்த்து ஊருக்கு எத்தனை நாள் என்று எண்ணுகிறவர். "டிவியும் ஜன்னலும், ஜன்னலும் டிவியும், இதுக்கு ஜெயிலே தேவலைங்க" என்று பொள்ளாச்சிக்கு ஃபோனில் புலம்பியதை நானே கேட்டிருக்கிறேன். ஏழாவது பிஸ்டனைக் கையில் எடுத்து, உடைந்த ரிங்கை நகத்தால் நெம்பிக் காட்டினார். துண்டு துணுக்காக அவர் மடியில் விழுந்தது.

"இந்த சைஸ் ரிங்கு செட்டு வரச்சொல்லியிருக்காருங்க தாத்தா. மூணு வாரம் ஆகுமாமுங்க. அப்புறம் கோர்க்கோணும், பழக்கோணும்." பிஸ்டனைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "மாப்ள, அந்த டிக்கெட்டை ரெண்டு மாசம் தள்ளிப் போட முடியுங்களா?"

டிக்கெட்டை மட்டும் தள்ளினால் போதாது, இங்கே தங்குகிற அனுமதி நாளையும் நீட்ட வேண்டும். அதற்கு ஐ-539 என்று ஒரு படிவம் இருக்கிறது. தங்கமணி ஷீட்டில் முப்பத்தொன்பதாம் வரியாக அதைச் சேர்த்துவிட்டு, புது இட்லித் தட்டு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள்.