கையில் ஹில்சா, தோளில் கொடி: கொல்கத்தா டெர்பி நாளில்

ஒரே ஊரின் இரு கால்பந்து அணிகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதும் ‘டெர்பி’ நாளில் கொல்கத்தாவில் இருக்க வாய்த்தால், ஆட்டம் தொடங்குவதற்கு வெகு முன்பாகவே சால்ட் லேக் அரங்கத்துக்குப் போய்விட வேண்டும். ஆட்டத்தைவிட அதைப் பார்க்க வருகிறவர்கள்தாம் பல சமயங்களில் சுவாரசியமானவர்கள். நான் போன மாலையில் நுழைவாயிலுக்கு வெளியே ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு மஞ்சள் சட்டையணிந்த ஒரு நடுத்தர வயதுக்காரர், முழு ஹில்சா மீன் ஒன்றைச் செவுளில் கயிறு கோத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தார். உதிர்ந்த செதில்கள் அவருடைய முழங்கை வரை ஒட்டியிருந்தன. மோகன் பகானின் பச்சை மரூன் சட்டைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள். அவர்களில் ஒருவர் பதிலுக்கு அட்டையில் வெட்டிய ஆளுயர இறால் ஒன்றைச் சுமந்து வந்திருந்தார்.

இது வெறும் கூத்து அன்று. 1920இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் அணி. பிரிவினையில் வீடும் நிலமும் இழந்து வந்த குடும்பங்களுக்கு, விட்டுவந்த ஊரின் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்வதற்கு இருந்த இடம் அந்த மைதானம்தான். பத்மா நதியின் ஹில்சா அவர்களுடைய மீன். 1889இல் பிறந்த மோகன் பகானோ மேற்கு வங்கத்துப் பூர்வகுடிகளின் அணி. 1911இல் வெறுங்காலோடு ஆடியே ஆங்கிலேயப் படையணியான ஈஸ்ட் யார்க்‌ஷயரை வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்னும் கால்பந்துக் கோப்பையைக் கைப்பற்றிய பெருமிதம் அவர்களுக்கு இன்னும் குறையவில்லை. அவர்களுக்கு இறால். எந்த அணி வெல்கிறதோ அந்த அணியின் மீனுக்கு மறுநாள் சந்தையில் விலை ஏறும் என்பது ஊரறிந்த பேச்சு.

தேநீர்க் கடையில் பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர், நான் மதராஸிலிருந்து வருகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடி, ‘பஞ்ச பாண்டவர்’ என்று போற்றப்பட்ட அந்த ஐவரும் தென்னிந்தியர்கள். தெற்கிலிருந்து வந்தவன் என்ற ஒரே தகுதிக்காக என் தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார். பார்வையாளர் வரிசைகளில் சிவப்பு மஞ்சள் புடவை கட்டி மிட்டாய் விற்கும் ‘லாசென்ஸ் மாசி’யைப் பற்றியும் அவர்தான் சொன்னார்: அணி தோற்றால் அவரைத் தேற்றுவது மற்ற ரசிகர்களின் வேலையாகிவிடுமாம். வங்காளப் புத்தாண்டு நாளில் மைதானத்தில் கோல் கம்பத்துக்கு மாலை சாத்திப் புரோகிதரை வைத்துப் பூசை செய்யும் ‘பார் பூஜோ’ வழக்கமும் இந்த ஊருக்கே உரியது.

இந்தப் பித்தை முழுக்க ரசித்துவிட முடியாது. 1975 ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்காலிடம் மோகன் பகான் 5-0 எனத் தோற்றபோது ஓர் இளம் ரசிகர் உயிரையே மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு அணிகளின் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் இறந்தனர். இவற்றையும் ரசிகப் பற்றின் பெருமையாகச் சிலர் சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் அதே பார்வையாளர் வரிசைகளிலிருந்துதான், குடியுரிமையை நிரூபிக்க ஆவணம் கேட்கப்படும் என்ற சர்ச்சை கொதித்த 2020 ஜனவரியில், ‘ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் கொடுத்து அன்று’ என்னும் பொருள்பட வங்காளத்தில் எழுதிய பெரும் பதாகை விரிந்தது. அகதிகளின் பேரப்பிள்ளைகள் அதை ஏந்தியதில் வியப்பில்லை. 2024இல் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை ஒட்டி எழுந்த கொந்தளிப்பில், ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை டெர்பி ரத்துசெய்யப்பட்டது. அன்று இரு அணி ரசிகர்களும், ஊரின் மற்றொரு அணியான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் சேர்ந்தே அரங்கத்துக்கு வெளியே நியாயம் கேட்டுத் திரண்டார்கள். மோகன் பகான் ரசிகர் ஒருவர் ஈஸ்ட் பெங்கால் ரசிகரைத் தோளில் சுமந்து நின்ற படம் நாடெங்கும் பரவியது.

போக விரும்புகிறவர்களுக்கு: மெட்ரோவில் சால்ட் லேக் ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கலாம். எந்த அணியின் பகுதிக்கு நுழைவுச்சீட்டு எடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு சட்டையின் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்; நடுநிலை என்று சொல்லித் தப்பிக்க அங்கே யாரும் விடுவதில்லை.