மலிவு டிரில்லிங் மெஷினும் கான்கிரீட் சுவரும்

நாங்கள் முன்பு குடியிருந்த வாடகை வீடு செங்கல் சுவர் வீடு. அங்கே இருந்தபோது பிராட்வேயில் பேரம் பேசி 1,400 ரூபாய்க்கு வாங்கிய, பெயர் கேள்விப்படாத டிரில்லிங் மெஷின் ஒன்று, திரைச்சீலைக் கம்பி, சுவர்க் கடிகாரம், பூஜை அலமாரி என்று நான் கொடுத்த வேலைகள் அத்தனையையும் முணுமுணுக்காமல் முடித்துக் கொடுத்தது. ஆறு ஆண்டுகளில் அது ஓடிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மூன்று மணி நேரம்கூடத் தேறாது. நாள்தோறும் துளையிடும் எலக்ட்ரீஷியனின் கையில் சில வாரங்களிலேயே புகைந்திருக்கக்கூடிய அந்த மோட்டார், ஞாயிற்றுக்கிழமைத் தச்சனான எனக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

புதிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. அலுமினியப் பலகைகளை நிறுத்தி, இடையில் கான்கிரீட்டை ஊற்றி எழுப்பும் ‘மைவான்’ சுவர்கள் இங்கே. மெஷினில் மாட்டிய 6 மி.மீ. பிட் (துளையிடும் முனை) ஒரு சென்டிமீட்டர் இறங்கியதும் நின்றுவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் முனை நீலம் பாரித்திருந்தது. மலிவுப் பொருளின் லட்சணம் இதுதான் என்று நொந்துகொண்டேன். ஆனால், மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய நண்பரின் இம்பாக்ட் டிரில்லும் (சுழன்றுகொண்டே அடிக்கவும் செய்யும் மெஷின்) ஏறக்குறைய அதே ஆழத்தில்தான் திணறியது. இம்பாக்ட் டிரில்லில் பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றின்மீது ஒன்று உரசித் துள்ளுவதே அடியாகிறது. ஆகவே நாம் தோள் கொடுத்து அழுத்தும் அளவுக்குத்தான் அதற்குப் பலம். கான்கிரீட்டைத் துளைக்கப் பயன்படும் ரோட்டரி ஹேமர் என்ற மெஷினிலோ, பிஸ்டன் அழுத்தும் காற்று உள்ளிருக்கும் ஓர் இரும்புத் துண்டைத் தள்ளி, பிட்டின் பின்புறத்தில் ஓங்கி அறைகிறது. அந்த மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவந்து, பன்னிரண்டு துளைகளை ஒரே மாலையில் போட்டு முடித்தேன். ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுவதைச் சொந்தமாக வாங்கி எதற்குப் பரண்மேல் ஏற்றுவது?

ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தில் மட்டும் மலிவு எனக்குக் கட்டுப்படியாகவில்லை. முனை மென்மையான இரும்பாக இருந்தால் அது தானும் மழுங்கி, ஸ்க்ரூவின் தலையையும் வழித்துவிடுகிறது. குளியலறைக் கதவின் கீல் ஒன்றில் அப்படி வழிந்துபோன ஸ்க்ரூவை எடுக்க, கடைசியில் அதன் தலையையே துளைக்க வேண்டியதாயிற்று. குரோம் வனேடியம் எஃகில் செய்த நல்ல டிரைவர் இரண்டு போதும். முப்பத்திரண்டு முனைகளோடு பெட்டியில் வரும் செட்டைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

மின்சாரத்தைத் தொடும் கருவிகளில் நான் பேரமே பேசுவதில்லை. டெஸ்டரைப் பிடித்துச் சோதிக்கும்போது நம் உடல் வழியாகத்தான் மின்னோட்டம் செல்கிறது. அதை உறைக்காத அளவுக்குக் குறைத்து வைப்பது உள்ளே இருக்கும் சிறிய ரெசிஸ்டர் (மின்தடை) மட்டுமே. வோல்ட், ஆம்பியர் அளக்கும் மலிவு மல்டிமீட்டர்கள் பலவற்றில், அதிக மின்னோட்டத்தை அளக்கக் கம்பியைச் செருகும் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் கிடையாது. கம்பியை மறதியாக அந்தத் துளையிலேயே விட்டுவிட்டு 230 வோல்ட் பிளக் பாயிண்டில் வைத்தால், அது நேரடி ஷார்ட் சர்க்யூட். என்னிடம் இருந்த மஞ்சள் நிற மல்டிமீட்டரின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, அந்தத் துளையின் அருகே எழுதியிருந்ததும் அதுதான்: ஃபியூஸ் இல்லை. இப்போது அதை ரிமோட்டின் பேட்டரி பார்க்க மட்டுமே எடுக்கிறேன்.