அப்பாயி இருந்த பச்சைப் பட்டினி

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாள் மாரியம்மன் பட்டினி. மற்ற கோயில்களில் சாமிக்காக நாம் விரதம் இருப்போம். இங்கே நமக்காக ஆத்தா விரதம் இருக்கிறாள். உயிர்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவள் இருக்கும் இந்த விரதத்துக்குப் பச்சைப் பட்டினி என்று பெயர். அந்த நாள்களில் அடுப்பில் சமைத்த நைவேத்தியம் அவளுக்குக் கிடையாது. பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்த துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, பழம், அவ்வளவுதான்.

என் அப்பாவைப் பெற்ற அப்பாயியும் அந்த 28 நாளும் சோறு தொடாது. "அவளே சோறு திங்கல. நமக்கு மட்டும் எப்படித் தொண்டையில எறங்கும்?" என்று கேட்கும். உடம்பு முடியாத கடைசி வருடங்களிலும் இதை விடவில்லை.

எங்கள் ஊர் மண்ணச்சநல்லூர். பொன்னி அரிசி வாங்குகிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஊர் முழுக்க அரிசி ஆலைகள். அப்பாயி இளவயதில் ஒரு மில் களத்தில் வேலைக்குச் சேர்ந்து, முட்டி ஒத்துழைத்த வரைக்கும் அங்கேதான் இருந்தது. நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, ஆவியில் அவித்து, சிமெண்டுக் களத்தில் கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக நடந்து காலாலேயே கிண்டிவிட வேண்டும். மேலே வெயில், கீழே சிமெண்டுச் சூடு, நெல்லிலிருந்து எழும்பும் ஆவி. மேகம் கறுத்தால் போதும், மொத்த நெல்லையும் பலகையால் தள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட ஓடுவார்கள். காய்ச்சலின் பதம் தவறினால் அரவையில் அரிசி உடைந்து நொய்யாகப் போய்விடும். அந்தப் பதம் பார்ப்பதில் அப்பாயி கெட்டிக்காரி. நாலு நெல்லை எடுத்து உமியைத் தேய்த்து ஊதிவிட்டு, ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடிக்கும். 'கடுக்'கென்று ஒடிகிற சத்தத்தில் அதற்குக் கணக்குத் தெரிந்துவிடும்.

பட்டினி மாதத்தில் அதைக் கடிக்கவும் மாட்டாது. அவித்த நெல்லும் சோறுதானே! கூட வேலை செய்கிற பெண்ணைக் கடிக்கச் சொல்லி, அவள் கன்னத்தருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு வெயில் வேணும்டி" என்று சொல்லுமாம். இதை அத்தை எத்தனை தடவை சொன்னாலும் நான் மறுபடி கேட்பேன். நாள் முழுக்க அரிசியோடு புழங்கிவிட்டு, சாயங்காலம் வீட்டில் எல்லோருக்கும் சோறாக்கிப் போட்டுவிட்டு, ஒரு கிண்ணம் துள்ளுமாவும் மோரும் சாப்பிட்டுப் படுக்கிற மனதின் உறுதியை நினைத்தால் எனக்குக் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

அப்பாயிக்குப் பட்டினி புதிதும் இல்லை. தாத்தா சீக்கிரமே போய்விட்டார். அப்பாவும் அத்தையும் சின்னப் பிள்ளைகள். ராத்திரி இருவருக்கும் தட்டில் போட்டுவிட்டு, "நான் மில்லுலயே தின்னுட்டு வந்துட்டேன் கண்ணு" என்று சொல்லிவிடுமாம். மில்லில் சோறு போடுகிற வழக்கமே கிடையாது என்பது, அத்தை வளர்ந்து அதே களத்துக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்திருக்கிறது.

அப்பாயிக்கும் சமயபுரத்தாளுக்கும் இருந்த உறவில் இன்னொரு கணக்கும் உண்டு. அப்பாயிக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். பெரியம்மையில், மீசை முளைப்பதற்கு முன்பே போய்விட்டார். இன்று அந்த நோயின் பயங்கரம் நமக்குத் தெரியாது. இந்தியாவில் 1975-க்குப் பிறகு பெரியம்மை இல்லை. 1980-ல் உலக சுகாதார நிறுவனம் உலகத்தை விட்டே அது ஒழிந்ததாக அறிவித்தது. ஆனால் அப்பாயியின் சிறுவயதில் அது தெருத்தெருவாக வந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிருக்கிறது. பிழைத்தவர்களிலும் சிலருக்குக் கண் போனது.

அம்மையைக் கொடுப்பவளும் மாரி, இறக்குபவளும் மாரி என்று ஊரில் சொல்வார்கள். அண்ணனைக் கொண்டுபோனவளைப் போய் எப்படிக் கும்பிடுகிறாய் என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அப்போது எனக்கு அம்மை போட்டுத் தேறிக்கொண்டிருந்த நேரம். வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பை நிறுத்தி, என்னை வேப்பிலைப் படுக்கையில் போட்டு, அரிக்கிற இடத்தில் எல்லாம் வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டே பக்கத்தில் இருந்தது அப்பாயிதான். டாக்டர் வந்து பார்த்ததையும் மாத்திரை கொடுத்ததையும் அது தடுக்கவில்லை. இரண்டுக்கும் சண்டை இருப்பதாகவே அதற்குத் தோன்றியதில்லை.

என் கேள்விக்குக் கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னது: "அவ எடுத்துக்கிட்டான்னு நான் நெனைக்கல ஆத்தா. எங்கண்ணன் கெடந்தப்ப எங்கம்மா சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்துச்சு. அவளும் எங்கம்மா கூட உக்காந்திருந்தா. அதான் இன்னைக்கும் பட்டினி கெடக்குறா."

சமயபுரத்தைப் பற்றி எத்தனையோ தலபுராணக் கதைகள் கேட்டிருக்கிறேன். எனக்கு இதுதான் தலபுராணம்.

போன வருடம் தை மாதத்தில் அப்பாயி போய்ச் சேர்ந்தது. இந்தத் தையில் தலைத்திவசம் முடிந்தது. மாசி பிறந்ததும் அத்தை போன் செய்தார்: "பூச்சொரிதலுக்கு நடந்தே போவோம். மாவு நீ வந்து இடி."

ஊருக்குப் போனேன். பச்சரிசியைக் கழுவி ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் உலர்த்தினோம். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். மிக்ஸியில் அரைக்க அத்தை விடவில்லை. கொல்லையில் கவிழ்ந்து கிடந்த உரலை நிமிர்த்திக் கழுவி, அப்பாயியின் உலக்கையால் இடித்தோம். இடிக்க இடிக்க ஈரமாவின் வாசனை வந்தது. சலித்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் சேர்த்துக் கையால் பிசறினோம். அடுப்பு காணாத மாவு. பச்சை அரிசியின் இனிப்பும் வெல்லத்தின் இனிப்பும் நாக்கில் தனித்தனியாகத் தெரியும்.

மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு சாயங்காலம் கிளம்பினோம். மண்ணச்சநல்லூரிலிருந்து சமயபுரம் பக்கம்தான், நடக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பொழுதும் ஆகாது. சாலை முழுக்க மஞ்சள் உடை. திருச்சிப் பக்கமிருந்தும் பெரம்பலூர்ப் பக்கமிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். கைக்குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் போட்டு முன்னும் பின்னுமாகத் தோளில் சுமந்து வந்த ஒரு தம்பதியைப் பார்த்ததும் அத்தை நின்றுவிட்டார். அப்பாவையும் அப்படித்தான் சுமந்து வந்தார்களாம், முன்னால் தாத்தா, பின்னால் அப்பாயி. அந்தப் பெண்ணின் கையில் ஒரு பிடி துள்ளுமாவைக் கொடுத்து, "வாயில போட்டுக்கோ சாமி, களைப்புத் தெரியாது" என்றார். அப்பாயியும் இப்படித்தான் வழியில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போகும். கோயில் போய்ச் சேரும்போது பாத்திரத்தில் ஆத்தாவுக்கு ஒரு கைப்பிடி மிஞ்சினால் பெரிது.

இருட்டிய பிறகு பூ வண்டிகள் வரத் தொடங்கின. சீரியல் பல்பு போட்டு ஜோடித்த வண்டிகளில் அம்மன் படம், மேளம், கூடை கூடையாக மல்லிகை, அரளி, செவ்வந்தி, சம்பங்கி. தலையில் பூத்தட்டு ஏந்தி நடந்தவர்கள் தனி. பட்டினியில் தகிக்கிற உடம்புக்குக் குளிர்ச்சியாகத்தான் இந்தப் பூ என்பார்கள். அப்பாயி வழக்கமாக மருக்கொழுந்துதான் வாங்கும். நாங்களும் அதையே வாங்கினோம்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. உள்ளே போனபோது நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எட்டுக் கைகளோடு, பெரிய கண்களோடு ஆத்தா உட்கார்ந்திருந்தாள். மூலிகைகள் சேர்த்துச் செய்த சுதைத் திருமேனி என்பதால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, உற்சவருக்குத்தான். சிவந்த முகம் மட்டும் வெளியே தெரிய, மற்ற இடமெல்லாம் பூவாக இருந்தது. எனக்கு வேண்டிக்கொள்ள எதுவும் நினைவு வரவில்லை. 'சாப்பிட்டியா ஆத்தா' என்றுதான் வாயில் வந்தது. அப்பாயி போனில் என்னிடம் முதலில் கேட்கிற கேள்வி அது. பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள், நகர்ந்தோம்.

சமயபுரம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மாரியம்மனோடு திரும்பிவிடுகிறார்கள். சமயபுரம் இருக்கும் இந்தக் கண்ணனூர் 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னர்களின் தலைநகராக இருந்த இடம். அவர்களில் சோமேசுவரன் கட்டிய சிவன் கோயில் இங்கேயே இருக்கிறது, இப்போது போஜீஸ்வரர் கோயில் என்கிறார்கள். அப்பாயிக்கு ஹொய்சளர் என்ற பெயரே தெரியாது. ஆனால் "பக்கத்துல இருக்குறவரப் பாக்காமப் போனா மனசு சங்கடப்படும்" என்று தவறாமல் போய் ஒரு விளக்கு வைத்துவிட்டு வரும். நாங்கள் ராத்திரி அங்கேயே ஒரு திண்ணையில் படுத்திருந்துவிட்டுக் காலையில் நடை திறந்ததும் போனோம். ஆளரவம் இல்லாத பிராகாரத்தில் அத்தை விளக்கேற்றினார். நீங்களும் சமயபுரம் போனால் அவரையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

திரும்பும் வழியில் அத்தை தைப்பூசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தைப்பூசத்தன்று சமயபுரத்தாள் பல்லக்கில் புறப்பட்டு, வழிநெடுக ஊர்களின் உபயத்தை வாங்கிக்கொண்டு, கொள்ளிடம் வடகரைக்கு வருவாள். ஆற்றுக்குத் தென்புறம் அண்ணன் ரெங்கநாதர் வீடு. ஸ்ரீரங்கம் கோயிலிலிருந்து தங்கைக்குச் சேலையும் மாலையும் பழத்தட்டுகளுமாகச் சீர்வரிசை வரும். மேளதாளத்தோடு அந்தத் தட்டுகள் மணலில் வருவதைப் பார்க்கத்தான் அப்பாயி வருடா வருடம் போனது. தனக்குச் சீர் கொண்டுவர அண்ணன் இல்லை என்று அது வாய்விட்டுச் சொன்னதே இல்லை. தட்டுகள் கிட்டே வரும்போது மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும் என்று அத்தை சொன்னார். அப்பா சம்பாதிக்கத் தொடங்கியதும் முதல் வேலையாக அவரை அங்கே கூட்டிப்போய், "ரெங்கநாதரே குடுக்கிறாரு, நீயும் உந்தங்கச்சிக்கு வருஷம் தவறாமக் குடுக்கணும்" என்று சொல்லியிருக்கிறது. அப்பா இன்றுவரை தவறவிட்டதில்லை.

போன தைப்பூசத்துக்கு வீட்டில் துக்கம் என்பதால் ஆற்றுக்குப் போகவில்லை. சேலையை மட்டும் அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வரும் தைப்பூசத்துக்கு மூன்று பேருமாகப் போவதாக முடிவு. அப்பாவால் மணலில் அதிக தூரம் நடக்க முடியாது, அதனால் பொழுது சாய்வதற்கு முன்பே போய் வடகரையில் இடம் பிடித்துவிட வேண்டும். அத்தைக்கு மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட பருத்திச் சேலை வேண்டுமாம். தை பிறந்ததும் உறையூரில் கைத்தறிச் சேலையாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.